பிலோமினாவைத் தேடி வந்த வெளிச்சம்

கேபரே என்ற சொல்லை ஆண்கள் தாழ்ந்த குரலிலும் பெண்கள் அதைவிடத் தாழ்ந்த குரலிலும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மதராஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலின் மாடியில், சிவப்பு வெல்வெட் திரை போட்ட ஹாலில், சாயங்காலம் ஏழு மணிக்கு மிஸ் கார்மெலா என்கிற பெண் ஆடுவாள். கோவாக்காரர் ஒருவர் டிரம்பெட் வாசிக்க, பரங்கிமலைக்காரர் ஒருவர் டிரம்ஸ் அடிக்க, தோல் ஏற்றுமதி செய்கிறவர்களும் கப்பல் கம்பெனி ஆபீசர்களும் சினிமா விநியோகஸ்தர்களும், எப்போதாவது தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வருகிற குமாஸ்தாக்களும் நண்டு கட்லெட்டை ஆறவிட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போய், மறுநாள் காலையில் அப்படி ஒரு ஹால் இருப்பதே தெரியாதவர்கள் மாதிரி நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புவார்கள். சினிமாக்காரர்கள் அவளுடைய அடிகளைப் பார்த்துக்கொண்டு போய்த் தங்கள் படங்களில் வில்லனின் ஆட்களுக்கு நடுவே ஒரு பெண்ணை அதே மாதிரி ஆடவைத்தார்கள். ஊர் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்துவிட்டு அந்தப் பாட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டது. பத்திரிகைகள் ஒரு பக்கத்தில் பண்பாடு கெட்டுப்போவதைப் பற்றித் தலையங்கமும் அடுத்த பக்கத்தில் ஓட்டலின் விளம்பரமும் போட்டன.

மிஸ் கார்மெலாவின் சொந்தப் பெயர் பிலோமினா. கோலார் தங்கவயலில், பூமிக்கு அடியில் வேலை செய்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் மகள். அவள் ஓட்டலுக்குள் வருவதும் போவதும் சமையற்கட்டு வழியாகத்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு உடம்பு மாதிரியும் கிட்டத்தில் பார்த்தால் கொசுவலை மாதிரியும் தெரிகிற துணியைக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை போட்டுக்கொண்டு, அதன் மேல் சம்கி வைத்த உடுப்பையும் இறகுகளையும் மாட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் சிலுவைக்குறி போட்டுவிட்டு மேடைக்கு வருவாள். வந்ததும் எதிர்ச்சுவரின் உச்சியிலிருந்து ஒரு வட்ட வெளிச்சம் அவள் மேல் விழும். அவள் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். ஆட்டம் முடிந்து அவள் குனிந்து நிமிர்ந்ததும் மெல்ல மங்கும். இப்படியே பல வருஷம் போயிற்று.

பிறகு ஒரு நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு டீ கொடுத்து, காலம் மாறிவிட்டது, அரசாங்கத்துக்கும் பிடிக்கவில்லை, ஹாலைக் கல்யாண ரிசப்ஷனுக்கு விடப்போகிறேன் என்று சொன்னார். டிரம்பெட்காரர் கோவாவுக்குப் போனார், டிரம்ஸ்காரர் சினிமா ரிக்கார்டிங்குக்குப் போனார், பிலோமினா ஒரு டிரங்குப் பெட்டியோடு ராயபுரத்தில் ஒரு சந்துக்குக் குடிவந்தாள். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீடு அது. சொந்தக்காரர் சவரிநாயகம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம், ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன், இப்போது துணி தைத்துப் பிழைக்கிறேன் என்று பிலோமினா சொன்னாள். பாதி உண்மை என்பதால் அவளுக்கு அதைச் சொல்ல நாக்கு கூசவில்லை.

குடிவந்த வாரத்திலேயே, விளக்கு வைக்கிற நேரத்தில், அவள் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த வெளிச்சம் வந்தது. ஓரத்தில் லேசாக நீலம் படிந்த வெள்ளை வட்டம், ஒரு ஆள் கைகளை விரித்தால் கொள்ளும் அளவு, வெறும் வானத்திலிருந்து சரிவாக இறங்கி அவள் மேல் விழுந்தது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபோது கூடவே நடந்தது, படி ஏறியபோது ஏறியது, ஓட்டுக்கூரைக்குக் கீழே போன பிறகும் கூரையைப் பொருட்படுத்தாமல் அவள் மேலேயே இருந்தது, ஷோ முடிகிற நேரம் ஆனதும் வழக்கம்போல மங்கிப் போனது. பிலோமினாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. விட்டுவிட்டு வந்த நாய் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து வாசலில் நிற்பதைப் பார்த்தவள் மாதிரி, விரட்டுவதா தடவிக்கொடுப்பதா என்று புரியாமல் குடத்தோடு நின்றாள்.

மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சந்து முதலில் இதை ஒரு மின்சார விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டது. சவரிநாயகம் இதனால் கரண்டு பில் ஏறுமா என்று கேட்டார். மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், கம்பத்தில் ஏறிப் பார்த்தார், இறங்கி வந்து இது நம்முடைய கரண்டு இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். கோவில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். துளிகள் வெளிச்சத்துக்குள் நுழைந்து மின்னி விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், இன்னொரு தடவை தெளித்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். பூச்சிகள் வந்தன, பூச்சிகளைத் தின்னப் பல்லி வந்தது, பல்லியைப் பார்க்கக் குழந்தைகள் வந்தார்கள்.

அதன் பிறகு சந்து அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த ஆரம்பித்தது. பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பிலோமினாவின் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார்கள். பூக்கட்டுகிறவள் கூடையோடு வந்தாள். மின்வெட்டு நாட்களில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அவள் காலைச் சுற்றிச் சப்பணமிட்டு உட்கார்ந்ததால் அவள் நகராமல் ஒரே இடத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். மீன் வாங்கினால் செவுளைத் திறந்து அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தார்கள், குழந்தைக்கு உடம்பில் வேர்க்குருவா அம்மையா என்று அதில்தான் பார்த்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் சொத்துச் சண்டைக்கு அவளை நடுவில் நிற்கவைத்துப் பேசினார்கள், ஏனென்றால் அந்த வட்டத்துக்குள் நிற்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சந்தில் அதுவரை யாருமே கவனிக்காத, திக்கிப் பேசுகிற இஸ்திரிக்காரர் ஒரு நாள் துணி கொடுக்க வந்து வட்டத்துக்குள் நின்றுவிட்டார். அவர் கண்கள் எவ்வளவு அழகானவை என்று முற்றம் முழுக்க ஒரே சமயத்தில் பார்த்தது, அன்றிலிருந்து அவர் திக்கி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்து கேட்டார்கள்.

எதிர்வீட்டில் தில்லைநாயகி இருந்தாள். சிதம்பரத்துக்காரி, நேரத்துக்கு எல்லாம் நடக்கவேண்டும் என்று நினைக்கிறவள். அந்த முற்றத்தில் யார் எப்போது துவைப்பது, யார் எப்போது தண்ணீர் பிடிப்பது என்பதெல்லாம் அவள் வைத்ததுதான். அவள் கணவர் கனகசபை ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா, அதிகம் பேசமாட்டார். தில்லைநாயகி ஆரம்பத்தில் அந்த வெளிச்சத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள், பிறகு அவளும் முறத்தோடு வந்தாள், வந்தபின் அவளே யார் எங்கே உட்காருவது என்று இடம் பிரித்துக் கொடுத்தாள். ஒரு சாயங்காலம் எல்லோரும் அப்படி உட்கார்ந்திருந்தபோது வட்டத்தின் ஓரம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கனகசபை, தலையை நிமிர்த்தாமலே, “டிரம்ஸ் வேகமாகும்போது முழுசா நீலமாயிடும்” என்றார்.

அடிபம்பு நின்றது. தில்லைநாயகி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “எந்த டிரம்ஸ்?” என்று கேட்டாள்.

கனகசபை பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். முற்றத்தில் இருந்த மற்ற ஆண்களில் ஒருவர் செருப்பைத் தேடினார், ஒருவருக்கு அவசரமாகக் கடைக்குப் போகவேண்டியிருந்தது, சவரிநாயகம் மாடப்புறாக்களை எண்ண ஆரம்பித்தார். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வெளிச்சம் முன்பே பழக்கம் என்பது அதிலேயே எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துபோயிற்று. ஓட்டல் விளம்பரத்தில் பார்த்த மிஸ் கார்மெலா யார் என்பதும் தெரிந்துபோயிற்று.

அதன் பிறகு முறங்கள் வரவில்லை. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். பிலோமினா வட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்து தைத்தாள், தைக்கக் கொடுத்த துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. தில்லைநாயகி தன் கணவரிடம் பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். குடித்தனக்காரர்கள் கூடிப் பேசி சவரிநாயகத்திடம் போனார்கள். அவர் பிலோமினாவின் வாசலுக்கு வந்து, உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் நாலு குடும்பம் இருக்கிற இடம், மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளம்மா என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்கே போனாலும் இது கூட வரும், எங்கே போனாலும் யாரோ ஒருவருக்கு இது பழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பிலோமினா டிரங்குப் பெட்டியை இழுத்துத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் வந்து சற்று நேரத்தில், தில்லைநாயகி வந்து அவள் கதவருகில் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று பிலோமினா எழுந்து நின்றாள். தில்லைநாயகியின் குரல் உயரவே இல்லை.

“அவரை உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாதுக்கா. எனக்கு யாரையுமே தெரியாது. இந்த லைட்டு கண்ணுல அடிச்சா எதிர்ல ஒண்ணும் தெரியாது, ஒரே கருப்பாத்தான் இருக்கும். இத்தனை வருஷத்துல வந்தவங்கள்ல ஒருத்தர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல.”

தில்லைநாயகி அவள் கண்களைப் பார்த்தாள். தன்னைப் பார்ப்பதற்கே அவள் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்குவதைப் பார்த்தாள். அதன் பிறகுதான் படியில் உட்கார்ந்தாள். கோபம் அவர் அங்கே போனதற்காக மட்டும் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். அவர் குடிக்கிறவர் இல்லை, கெட்டவர் இல்லை, வீட்டுக்கு வேண்டியதில் குறை வைத்தவர் இல்லை.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் என்னோட சோறு போடற கையைத்தான் பார்த்திருக்கார். அதுக்கு மேல நிமிர்ந்ததில்ல. அங்க போய் அப்படி என்னத்தை நிமிர்ந்து பார்த்தார்னு எனக்குத் தெரியணும். ஆடிக் காட்டு.”

பிலோமினா தயங்கினாள். உள்ளே வேண்டுமானால் ஆடுகிறேன், கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றாள்.

“முற்றத்துல ஆடு. திருட்டுத்தனமா பார்த்ததெல்லாம் போதும்.”

அப்படியாக, ராயபுரத்துச் சந்தில், துவைக்கிற கல்லுக்கும் அடிபம்புக்கும் நடுவில், நூல்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு மிஸ் கார்மெலா ஆடினாள். டிரம்பெட்டை வாயால் ஊதிக்கொண்டாள், டிரம்ஸை நாக்கால் தட்டிக்கொண்டாள், அது வேகமானபோது வட்டம் முழுக்க நீலமாயிற்று. கதவுகள் ஒரு விரல் திறந்தன, பிறகு ஒரு கை திறந்தன, பிறகு பெண்கள் எல்லோரும் வாசற்படிகளுக்கு வந்துவிட்டார்கள், அவர்கள் இடுப்புக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் எட்டிப்பார்த்தார்கள். தில்லைநாயகி திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று உச்சியிலிருந்து பாதம்வரை தேடினாள். வெடித்த குதிகால் தெரிந்தது, முழங்காலில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது, சுழன்று நிற்கும்போது விழாமல் இருக்க அடிவயிற்றை அவள் இறுக்குவது தெரிந்தது, அதையெல்லாம் தாண்டி, பார்க்கிறவர் யாராக இருந்தாலும் சரி, வந்ததற்கு நன்றி என்று சொல்வதுபோல ஒரு முகம் தெரிந்தது. அந்த முகத்தை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து பிலோமினா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது தில்லைநாயகி கேட்டாள்:

“ஆடும்போது யாரை நினைச்சுப்பே?”

“யாரையும் இல்லக்கா. அடுத்த அடியைத்தான்.”

தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாட்களாகச் சிரிக்காததால் அது முதலில் இருமல் மாதிரி வந்தது, பிறகு நிஜமாகவே வந்தது. பிலோமினா கையை நீட்டி அவளை உள்ளே இழுத்தாள். வேண்டாம், விடு, பைத்தியமா உனக்கு என்று சொல்லிக்கொண்டே தில்லைநாயகி வட்டத்துக்குள் வந்தாள். வந்ததும் புடவையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். சிரிக்கவேண்டாம், ஆடவும் வேண்டாம், முகவாயை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், மூச்சை நன்றாக விடுங்கள் என்று பிலோமினா அவள் தோள்களைப் பிடித்து நேராக்கினாள். பிறகு அவளுக்கு இடம் விட்டு ஓரடி பின்னால் போனாள், இன்னும் ஓரடி போனாள், வெளிச்சம் தன்னோடு வருமே என்று தயங்கி நின்றாள்.

அது வரவில்லை. அது தில்லைநாயகியின் மேல் நின்றுவிட்டது.

பிலோமினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவை இருட்டில் இருந்தன. இன்னும் பின்னால் போய் அடிபம்பின் மேல் சாய்ந்துகொண்டாள், அங்கிருந்து பார்த்தபோது ஒவ்வொரு வாசற்படியிலும் இருக்கிற முகங்கள் அவளுக்குத் தெரிந்தன: வாயைத் திறந்து பார்க்கிறவள், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறவள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறவள். ஓ, இவர்கள் இப்படித்தான் இருப்பார்களா என்று நினைத்தாள்.

அந்த நேரத்தில்தான் கனகசபை ஆபீசிலிருந்து வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் கேரியர். முற்றத்தில் வெளிச்சத்தைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போகப் பார்த்தவர், அதற்குள் நிற்பது யார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். தில்லைநாயகி நகரவில்லை. புடவையை இழுத்து மூடிக்கொள்ளவும் இல்லை. கனகசபை டிபன் கேரியரைக் கீழே வைத்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தில்லை, உன் காதோரத்துல நரைச்சிருக்கு” என்றார்.

“மூணு வருஷமாச்சு.”

அவர் தலையாட்டினார். பிறகு, எல்லோரும் கேட்கும்படியாக, தான் அந்த ஹாலுக்குப் போன கதையைச் சொன்னார். அங்கே இருட்டில் உட்கார்ந்தால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், ஒரு வேலையைத் தப்பில்லாமல் செய்கிற ஒருத்தரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம், அதற்காகத்தான் போனேன். வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பதைப் பார்க்க எனக்கு வெளிச்சம் போதவில்லை என்றார். சொல்லிவிட்டுப் பிலோமினாவின் பக்கம் திரும்பி, அந்த முற்றத்து ஆண்கள் யாரும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டு, “இத்தனை வருஷமா சொல்லல, ரொம்ப நல்லா ஆடினீங்கம்மா” என்றார். பெண்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த சவரிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம் என்றார். அன்று செருப்பைத் தேடினவரும் ஆமாம் என்றார். அந்த ஆமாம் முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு வாசலாக வந்தது. பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களை முறைத்தார்கள், முறைத்துக்கொண்டே சில பேர் சிரித்துவிட்டார்கள்.

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. இனிமேல் அந்தப் பெண் இங்கேதான் இருப்பாள் என்று தில்லைநாயகி சவரிநாயகத்திடம் சொன்னாள், யார் எப்போது துவைப்பது என்று சொல்கிற அதே குரலில் சொன்னதால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தைக்கிற துணிகள் திரும்பி வந்தன. வஞ்சிரம் வாங்கின வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு, ஈஸ்டருக்கு ஒரு வீட்டிலிருந்து பலகாரம், பொங்கலுக்கு ஒரு வீட்டிலிருந்து கரும்பு என்று அவள் வாசலுக்கு ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

வெளிச்சம் அவளிடம் திரும்பிப் போகவில்லை. அது அந்த முற்றத்தோடு இருந்துவிட்டது. ஒரு சாயங்காலம் தில்லைநாயகியின் மேல் விழும், ஒரு சாயங்காலம் பூக்கட்டுகிறவள் மேல், ஒரு சாயங்காலம் இஸ்திரிக்காரர் மேல். யார் மேல் விழுகிறதோ அவர்களை அன்றைக்கு எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், போட்டியோ சண்டையோ வரவில்லை, ஏனென்றால் அதற்குள் நிற்பவர்களுக்குக் கண் கூசியது, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்தது. கனகசபை மேல் விழுந்த அன்று அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். தில்லைநாயகி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிலோமினா இருட்டில் நடக்கப் பழகினாள். பஸ்ஸில் யாருடைய கண்ணிலும் படாமல் கடற்கரைவரை போய்வந்தாள், ஜன்னலோரத்தில் சாயங்காலம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருப்பாகிறது என்று பார்த்தாள், படுக்கும்போது நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று சொல்லி நிறுத்தாமல், சந்தில் இருக்கிற ஒவ்வொருவர் பேரையும் சொல்லிச் சேர்த்துக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், தில்லைநாயகி வட்டத்துக்குள் முறத்தை வைத்துக்கொண்டு துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிலோமினா வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததில் அவள் நிழல் முறத்தின் மேல் விழுந்தது. தில்லைநாயகி நிமிராமலே முழங்கையால் அவளை இடித்தாள்.

“தள்ளி உட்காருடி. வெளிச்சத்தை மறைக்கிறே.”

பிலோமினா தள்ளி உட்கார்ந்தாள்.